பேசாத ஒரு நிமிடம்

“ஒரு நிமிஷம் யாரும் வாயத் திறக்காதீங்க” என்று நான் சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பேட்டி முடிந்தாலும், ஆள் பேசாத அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்வோம். மின்விசிறி, குழாய்ச் சொட்டு, தெரு. படத்தை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். இயக்கமும் கேமராவும் அக்கா, ஒலி நான். போரே வேண்டாம் என்று ஆவணப்படம் எடுக்கும் இரண்டு பெண்களுக்கு, போரில் ராணுவ லாரி ஓட்டியவர் அப்பா. வாய்த்ததைப் பாருங்கள்!

அன்று அவர் அளந்தது கொஞ்சநஞ்சமல்ல. குண்டு மழையில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங் பிடித்த கதை, நாற்பது வருடமாக வீட்டிலும் சலூனிலும் ஓடிய அதே கதை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். படத்துக்கு ஒரு வரி தேறவில்லை.

பேட்டி முடிந்ததும் அவள் கேமராவை அணைத்திருக்க வேண்டும். ஆனைக்கும் அடி சறுக்கும், எரிச்சலில் மறந்துவிட்டாள். மறுநாள் ஓட்டிப் பார்த்தபோதுதான் கண்டோம். சிரிப்பு அடங்கியதும் அப்பாவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறது. உதடு அசைகிறது. பதினொன்றில் நிற்கிறது. மறுபடியும் முதலிலிருந்து.

நானாக இருந்தால் கமுக்கமாகப் படத்தில் சேர்த்திருப்பேன். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. அப்பாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள்.

“வேணாம்னா சொல்லுங்கப்பா, அழிச்சிடறேன்.”

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பதினோரு பேரும் நம்ம ஊர்ப் பசங்கம்மா. என் வண்டியிலதான் ஏறுனாங்க. திரும்பி வரும்போது வண்டி காலி. அவங்க வீட்டு ஆளுங்க மூஞ்சில முழிக்க முடியாமத்தான் இத்தன வருஷம் கதை விட்டேன்.” பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “நான் பேசினதெல்லாம் வெட்டிடு. இத மட்டும் வை.”

“ஊர்லயே காட்டுவோம்பா” என்றாள் அக்கா.

“காட்டு. நானும் வரேன்.”

ஊர் நூலகக் கூடத்தில் திரையிட்டோம். அந்த ஒரு நிமிடம் வந்தபோது இருமல் சத்தம்கூட இல்லை. படம் முடிந்து விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. அப்பா தானாக எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். சலூன் கூட்டாளிகள் எல்லாம் முன்வரிசையில். இத்தனை பேர் முன்னால் மனுஷன் மானம் போய்விடுமே என்று எனக்குப் பதறியது.

“யார் யாருன்னு நானே சொல்லிடறேன்” என்று ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். கையில் காகிதம் இல்லை, குரலில் தடுமாற்றம் இல்லை. அக்கா கேமராவைத் தொடக்கூட இல்லை, கன்னம் நனைய நின்றாள். இவள் என் அக்கா, இவர் என் அப்பா என்று கூடம் அதிரக் கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

ஏழாவது பெயருக்கு, கடைசி வரிசையில் அந்தப் பையன் வீட்டு நரைத்த தலை ஒன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றது.