விட்டுப்போன பதினாறு பக்கம்

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவள் அவள். வயது நாற்பத்தொன்பது. வருகிறவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. வாயின் அச்சு மட்டும்தான் அவளிடம் வரும். அதில் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, அரத்தால் ராவி, மெருகேற்றுவாள். நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்க்காமல் ஒரு செட்டையும் வெளியே விட்டதில்லை. புத்தகத்திலும் அதே புத்திதான்.

ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர் மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புவார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாரம் பூட்டு. அந்த இரண்டு வாரமும் ஏற்கெனவே படித்த புத்தகங்களுக்கு என்று எழுதிவைத்த மாதிரி. எதைப் படிப்பது என்று முடிவுசெய்வதில்தான் பாதி சுகம். ஒரு மாதம் முன்பே பட்டியல் போடத் தொடங்கிவிடுவாள். முழுக்க மறந்துபோனது ஒன்று. வரிக்கு வரி மனப்பாடமானது ஒன்று. போன தடவை கோபித்துக்கொண்டு பாதியில் மூடியது ஒன்று. பெரிய சோகத்தை முதலில் வைத்தால் அதற்குப் பின்னால் வருவது எதுவும் ஒட்டாது. சிரிப்பைக் கடைசியில் வைத்தால் வேலைக்குத் திரும்பும் நாள் கசக்கும். பல்லை ராவிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எழுந்து ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதுவாள்.

அக்காவின் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. அவளுக்கு அவர் வைத்த பெயரே ‘ரிப்பீட்டு’.

“என்ன ரிப்பீட்டு, இந்த வருஷமும் அதே பழசுதானா? உலகத்துல எத்தனை லட்சம் புத்தகம் இருக்கு தெரியுமா?”

அத்தான் ஓய்வுபெற்ற பிறகு வாசகர் ஆனவர். சாதாரண வாசகர் இல்லை, ஆண்டுக்கு நூறு. ஒவ்வொன்றையும் முடித்ததும் அட்டையைப் படம் எடுத்து, எண் போட்டு, குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் போடுவார். ‘எழுபத்திரண்டு. அருமை.’ ‘எழுபத்து மூன்று. அருமை.’ நகராட்சிக்காரன் தெருநாய்க்கு ஊசி போட்டு எண் எழுதுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. படித்த புத்தகத்தில் ஒருத்தி செத்தாளா பிழைத்தாளா என்று கேட்டால், “அதெல்லாம் சின்ன விஷயம், ஒட்டுமொத்தப் பார்வையைப் பார்க்கணும்” என்பார். அக்காவோ அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குகிறவள். அவளையும் தங்கை பெரிதாக மதித்ததில்லை. புத்தகத்தைத் துடைப்பதற்கு மட்டும் தொடுகிறவள் என்று வருத்தம் கலந்த ஓர் இளக்காரம்.

இந்த ஆண்டு அத்தான் ஒரு படி மேலே போனார். நூறாவது புத்தகத்தை முடித்ததும் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு கூட்டம். அக்கம்பக்கத்தார் முன்னால் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவரே பேசுவார். எந்தப் புத்தகம் என்று கேட்டபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

“உன் அந்தத் தபால்காரி கதைதான். நீ பதினோரு தடவை படிச்சிருக்கேன்னு உங்கக்கா சொன்னா. அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்துடறேன். கொடு.”

மலையடிவாரத்தில் தபால் நிலையம் நடத்தும் ஒருத்தியின் கதை. ஊர்விட்டுப் போன புருஷனுக்காகக் காத்திருப்பாள், காத்திருந்தே கிழவியாவாள். தங்கையிடம் இருந்த பிரதியில் ஒரு கோளாறு. நூற்று நாற்பத்தைந்து முதல் நூற்று அறுபது வரையிலான பக்கங்கள் இரண்டு தடவை வரும். அடுத்த பதினாறு பக்கம் இருக்காது. அச்சகத்தில் மாற்றிக் கோத்துவிட்டார்கள். இருபது ஆண்டுக்கு முன்னால் நூலகப் பிரதியைப் பார்த்து அந்தப் பதினாறு பக்கத்தையும் தாளில் எழுதி உள்ளே செருகியிருந்தாள். கதையின் முடிச்சே அங்கேதான். புருஷன் ‘கிளம்பி வா’ என்று எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, தபால்காரி அதை அடுப்பில் போட்டுக் கொளுத்துவாள்.

புத்தகத்தைக் கொடுக்கும் முன் அந்தத் தாள்களை உருவி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள். அற்பத்தனம்தான். அவளுக்கே தெரியும். இருந்தாலும் கை நிற்கவில்லை.

மூன்றாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. “ஒரே மூச்சு! ஒரு இடத்துல தடங்கல் இல்லை” என்றார் அத்தான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

ஞாயிறு காலை கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். என்ன பொறுமை, என்ன விசுவாசம், புருஷனின் ஒரு கடிதத்துக்காக ஏங்கி ஏங்கியே உயிரை விட்ட உத்தமி என்று பொழிந்து தள்ளினார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்தார். தங்கைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தாள்.

“அத்தான், நூத்தி அறுபதாம் பக்கத்துக்கு அப்புறம் வருதே, அந்த இடம் எப்படி?”

“ஆகா, கேட்டியே ஒரு கேள்வி! அதுதானே நாவலோட உயிர்நாடி!”

கூட்டம் கைதட்டியது. மானத்தை வாங்கிவிடுவது என்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். அக்கா. நாற்காலிகள் அடுக்கிவைக்கும் பின்னறைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“அவரை விடு. அவ எதை எரிச்சா, அதைச் சொல்லு.”

“என்னது?”

“தபால்காரிடி. நடுவுல பக்கத்தைக் காணோம், வந்ததே திரும்ப வருது. ஆனா அதுக்கப்புறம் அவ அடுப்புப் பக்கமே போறதில்லை, பக்கத்து வீட்டுல வாங்கிச் சாப்பிடறா. என்னத்தையோ எரிச்சிருக்கா. அவன் கடுதாசிதானே?”

அந்த அடுப்பு விஷயத்தைத் தங்கை கவனிக்கவே பத்து வாசிப்பு பிடித்திருந்தது.

“நீ படிச்சியா?”

“பின்னே? நூறையும் நான்தான் படிச்சேன். அவர் முன்னாடி பத்துப் பக்கம், பின்னாடி பத்துப் பக்கம் புரட்டிட்டுப் படம் எடுத்துடுவார். நான் துடைக்கிற சாக்குல எடுத்துட்டுப் போய் முழுசாப் படிப்பேன். நூறுல பன்னெண்டுதான் தேறும். அதுகளை மறுபடி படிக்கணும், எதுல ஆரம்பிக்கலாம்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்.”

“ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“நீ கேட்டியா? என்னைப் பார்த்தாலே துடைப்பத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பே.”

கூட்டத்துக்குத் திரும்பிப்போய் அத்தானை மடக்கும் எண்ணத்தைத் தங்கை விட்டுவிட்டாள். அவரை அலட்சியமாகப் பார்த்தது சரிதான். ஆனால் அந்த அலட்சியத்தில் ஒரு பங்கைத் தவறான ஆளுக்கு இத்தனை ஆண்டும் படியளந்திருக்கிறாள்.

விடுமுறையின் முதல் நாளே அக்கா பையோடு வந்துவிட்டாள். இழுப்பறையில் இருந்த கையெழுத்துத் தாள்களைச் சன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். தங்கை காய்கறி நறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்ப்பு.

அக்கா தாள்களை மடித்தாள். “எரிச்சது சரி. நானா இருந்தாலும் எரிச்சிருப்பேன். ஆனா எரிச்சவளுக்கு அப்புறம் இருநூறு பக்கம் என்ன அழுகை? எழுதினவருக்கு அவகிட்ட பயம் வந்துடுச்சு. நல்லவளாக்கணும்னு கண்ணீரைக் கொட்டிட்டார்.”

“உனக்கு என்ன தெரியும்?” என்று சீறினாள் தங்கை. “பதினோரு தடவை படிச்சிருக்கேன்.”

“பதினோரு தடவையும் அழுதியா?”

தங்கை தாள்களைப் பிடுங்கிப் புத்தகத்துக்குள் செருகினாள். மறுநாள் காலையில் ஒரு பென்சிலோடு அந்த இருநூறு பக்கத்தையும் எடுத்து உட்கார்ந்தாள். அவள் ஒவ்வொரு முறையும் அழுத இடங்களில் இப்போது தபால்காரி யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தே அழுவதுபோல் இருந்தது. நாற்பது பக்கம் தாண்டியபோது எரிச்சல் வந்தது. எண்பதில் வெட்கம். மதியத்துக்குள் புத்தகத்தை மூடி, பட்டியலில் அதன் பெயரை அழுத்தி அடித்தாள். தாள் கிழிந்தது.

“சரி, உன் பன்னெண்டுல ஒண்ணு கொடு” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

அக்கா பையைத் துழாவி மெலிதான ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். முதுகில் அத்தானின் எண் ஒட்டியிருந்தது: நாற்பத்தொன்று. தங்கை அதை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தாள்.

“ஆரம்பமே சகிக்கலையே.”

“வாயை மூடிட்டுப் படி. ரெண்டாவது தடவை படிக்கும்போது இந்த ஆரம்பத்துக்கு நீ என்கிட்ட மன்னிப்புக் கேட்பே.”

“ரெண்டாவது தடவையா? இதையா?” என்று உதட்டைப் பிதுக்கினாள் அவள். ஆனால் பக்கத்தைப் புரட்டினாள்.