புழு மேடம்

கணவனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நெகிழ்ந்திருந்தது. முத்துமாரி குனிந்து அதை இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில், "மேடம் வந்துட்டாவ, வழி விடுங்க" என்று கணவனின் அண்ணன் பூதத்தான் சொல்லும் சத்தம் கேட்டது. முடிச்சு கையிலிருந்து நழுவியது. இன்றைக்கு ஒரு நாளாவது புருஷன் தனக்கே தனக்கென்று இருப்பார் என நினைத்திருந்தாள். அதற்கும் வந்துவிட்டாள் புழு மேடம்.

சீத்தா கேம்ப் குடிசைப்பகுதியின் அந்தச் சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இப்போது எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக் கரீம் பாட்சா கொண்டுவந்து போட்டிருந்த நாற்காலிகளில் உடையாத ஒன்றைத் தேடியெடுத்து, பூதத்தான் தன் தோள்துண்டால் துடைத்து முன்னால் நகர்த்தினார். செத்தது சொந்தத் தம்பி என்பது அந்த நிமிஷத்துக்கு அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

விசாலாக்ஷி உட்காரவில்லை. கூட வந்த இரண்டு மாணவர்களையும் மாலையோடு வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து இறக்கி பெஞ்சில் கிடத்தியிருந்த இசக்கிதுரையின் நெற்றியில், யாரையும் கேட்காமல் கையை வைத்தாள்.

"துரை" என்றாள்.

அந்தப் பெயரை முத்துமாரி இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால்கூட மகள் கலைச்செல்வியை முன்னால் தள்ளிவிடுவாள். இவளானால் தினம் ஐம்பது தடவை துரை, துரை என்று கூப்பிட்டிருப்பாள். அதுவும் பெயரைப் பாதியாக வெட்டி, செல்லம் போல.

இசக்கிதுரைக்கு விசாலாக்ஷியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர் வேலை. அங்கே வளர்த்ததெல்லாம் உருண்டைப்புழு. வயிற்றில் கிடக்கிற ரகமில்லை, மண்ணில் கிடப்பது. ஒரு மில்லிமீட்டர்தான் நீளம். அதன் ஜீன்களில் ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிட்டு, எது முடங்குகிறது, எது கூடக் கொஞ்சநாள் உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பார்கள். மனிதனுக்கும் அதே மாதிரி ஜீன்கள் நிறைய உண்டாம். அகார் என்கிற பாசிக்கூழைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பதும், புழு தின்பதற்கான கிருமியை அதில் தடவுவதும் இசக்கிதுரையின் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒவ்வொரு புழுவாகப் புதுத்தட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தாயும் குஞ்சும் கலந்துபோய், எது எத்தனை நாள் இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். ஞாயிறு, தீபாவளி, மழையில் ரயில் நிற்கும் நாள் எதுவும் அதற்குக் கிடையாது. கோவண்டி ஸ்டேஷனில் ரயிலேறி, ரயில் ஓடாவிட்டால் பஸ் பிடித்தாவது போய்விடுவார்.

"ஆம்பள இல்லாமயே முட்டை போடும் தெரியுமா, முக்காவாசிப் புழு" என்று கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொன்னார்.

"பொறவு ஒங்களுக்கு அங்க என்ன சோலி?" என்று கேட்டாள் முத்துமாரி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒருமுறை குடும்பத்தாரைக் கூப்பிட்டு ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நெளிந்து நெளிந்து வரும் அருவருப்பான ஜந்து ஒன்றை எதிர்பார்த்திருந்தாள். கண்ணாடி போன்ற உடம்பு, தொண்டை துடிப்பதுகூடத் தெரிந்தது. வயிற்றுக்குள் முட்டைகள் பாசிமணி கோத்தது போல வரிசையாக இருந்தன. அழகாக வேறு இருந்து தொலைத்தது. பிறகு இசக்கிதுரை வந்து உட்கார்ந்தார். சின்னக் கம்பியின் நுனியைத் தீயில் காட்டி ஆறவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புழுவை நோகாமல் தூக்கி அடுத்த தட்டில் விட்டார். அந்தக் கை அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பக்கத்தில் நின்ற விசாலாக்ஷி, "துரைக்கு இருக்கற கை என் ஸ்டூடன்ட்ஸ் யாருக்கும் இல்லே" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முத்துமாரி அவரோடு பேசவில்லை. காரணம் கேட்டார். தலைவலி என்றாள்.

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஆண்கள் குழாயடிக்குக் கிளம்பினார்கள். வீட்டுக்குள் பெண்கள் மட்டும் இருந்தார்கள். விசாலாக்ஷி முத்துமாரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டால் நன்றாக இருக்காதே என்று முத்துமாரி விட்டுவைத்தாள்.

"துரை கடைசி வரைக்கும் என் பேச்சைக் கேக்கவே இல்லே, முத்துமாரி. கணபதி பண்டிகைக்கு முன்னாடியே சொன்னேன், ஆத்துல சொல்லிடுங்கோ, தனியா வச்சுண்டு அல்லாடாதீங்கோன்னு."

"என்னத்தச் சொல்லச் சொன்னீய?"

விசாலாக்ஷியின் முகம் மாறியது. சுற்றிலும் பார்த்தாள்.

"எங்களுக்குத் தீபாவளி கழிச்சுத்தான் தெரியும்" என்றாள் கலைச்செல்வி மெதுவாக. "அப்பா ரோட்டுல மயங்கி விழுந்தப்பதான்."

பேச்சு போகும் போக்கு பிடிக்காமல் பூதத்தானின் மனைவி விஜயராணி, "என் ராசா, எங்கள விட்டுப் போனீரே" என்று திடீரென்று குரலெடுத்தாள்.

"அக்கா, செத்த நிறுத்துங்க" என்றாள் முத்துமாரி. விஜயராணி பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க மேடம். ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தொண்டையில என்னமோ அடைக்கறதுன்னு டெஸ்ட் பண்ணிண்டாராம். ரிப்போர்ட்டை நேரா லேபுக்கு எடுத்துண்டு வந்துட்டார். இங்கிலீஷ்ல இருந்தது. படிச்சுச் சொல்லுங்கோ மேடம்னார். நான்தான் சொல்ல வேண்டி வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரும் அப்பவே கையை விரிச்சுட்டார், முத்துமாரி. கேன்சர் ரொம்ப முத்திப்போயிடுத்துன்னு."

"எம்மவ இங்கிலீஷ் படிச்சவதான?"

"அதை நானும் கேட்டேன். பதில் சொல்லலை."

"பொறவு?"

விசாலாக்ஷி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அப்புறம் அழுதார்" என்றாள்.

முத்துமாரி தன் கையை இழுத்துக்கொண்டாள்.

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஊரிலிருந்து அவருடைய அம்மா செத்துப்போன செய்தி வந்தபோது எழுந்து போய்ப் பையில் வேட்டியை மடித்து வைத்தார். கலைச்செல்வி டெங்குக் காய்ச்சலில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றார், அவ்வளவுதான். அழத் தெரியாத மனுஷன் என்று முத்துமாரி நினைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்படியானால் அழத் தெரிந்திருக்கிறது. ரயிலேறி இறங்கி, இரண்டு ரயில்வே பாலம் தாண்டி, பஸ் பிடித்துப் போய், இவள் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

கணபதிக்கும் தீபாவளிக்கும் நடுவில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார். எரிச்சலாக இருக்கும். ஒருநாள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, "ஏன், மேடம் கையால ஊட்டுனாத்தான் எறங்குமோ?" என்று கேட்டாள். அவர் தண்ணீர் குடித்தார். அதுவும் இறங்காமல்தான் இருந்திருக்கும்.

"சத்தம் போட்டா அழுதாவ? இல்ல, சும்மா கண்ணீர் விட்டாவளா?" என்று கேட்டாள்.

"அம்மா" என்றாள் கலைச்செல்வி.

"நீ சும்மா இருட்டி. மேடம், சத்தம் போட்டா?"

விசாலாக்ஷி வாயைத் திறப்பதற்குள் ஆண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். "ஜல்தி, ஜல்தி, வண்டிக்காரன் நிக்கான்" என்று பூதத்தான் எல்லோரையும் விரட்டினார். குளிப்பாட்டினார்கள். புதுவேட்டி சுற்றினார்கள். முத்துமாரி செய்யச் சொன்னதையெல்லாம் செய்தாள். அழுகை வரவில்லை. நெஞ்சு முழுக்கக் காந்திக்கொண்டிருந்தது. புருஷன் பிணமாகக் கிடக்கும்போதும் பொறாமைதான் வருகிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தால் பொறாமை ஒன்றும் குறையவில்லை.

சுளகில் வாய்க்கரிசி வந்தது. கலைச்செல்வி போட்டாள், விஜயராணி போட்டாள், உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து போட்டார்கள். வரிசையின் கடைசியில் விசாலாக்ஷி நின்றாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"நானும் போடலாமா?"

"மொறைக்காரங்கதான் மேடம் போடணும்" என்று பூதத்தான் இழுத்தார். "ஆனா நீங்க கேக்கீய... முத்துமாரி, என்னம்மா சொல்லுத?"

எல்லோரும் முத்துமாரியைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மேடத்துக்கு வேண்டிய ஒன்று இவள் கையில் இருந்தது.

"வேண்டாம்" என்றாள் முத்துமாரி. "அவிய வாயில நாங்க போட்டது போதும்."

விசாலாக்ஷி தலையசைத்தாள். கோபமோ வருத்தமோ காட்டவில்லை. விலகிப் போய் அலமாரி ஓரமாக நின்றுகொண்டாள். முத்துமாரி கை நிறைய அரிசியை அள்ளி, கடைசி ஆளாகத் தான் போட்டாள். ஜெயித்துவிட்டாற்போல இருந்தது. பாடையைத் தூக்கும் வரைக்கும் அப்படி இருந்தது.

சந்து குறுகல் என்பதால் பாடையைச் சாய்த்துப் பிடித்து, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மாணவர்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். மெயின் ரோட்டில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அதன்பிறகு வீட்டில் ஒன்றும் இல்லை. பெஞ்ச் மட்டும் கிடந்தது. விஜயராணி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிட்டாள். முத்துமாரியை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

ஈரத்தலையோடு அவள் எழுந்தபோது வாசலில் விசாலாக்ஷி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்று தெரிந்தவள், அதனால் யாரையும் கூப்பிடவில்லை. குவியலுக்குள்ளிருந்து ஒரு செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு மற்றதைக் காலால் துழாவினாள்.

இவள் போய்விட்டால் அதுவும் போய்விடும் என்று முத்துமாரிக்குத் தோன்றியது. அவர் அழுததைப் பார்த்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான்.

"மேடம், போவாதீய."

விசாலாக்ஷி திரும்பிப் பார்த்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க. அவிய உள்ள வரும்போது நீங்க எங்க இருந்தீய? அவிய எங்க உக்காந்தாவ?"

"முத்துமாரி, இன்னிக்கு வேண்டாமே. இன்னொரு நாள் வந்து..."

"இன்னிக்குத்தான். கண்ண எதுவச்சுத் தொடச்சாவ? நான் தினம் கைக்குட்டை கொடுத்து விடுவேனே, அதா?"

விசாலாக்ஷி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போட்டிருந்த அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து, கழுவிவிட்ட ஈரத்தரையில் புடவை நனைய உட்கார்ந்தாள்.

முத்துமாரி எதிரே, முழங்கால் முட்டும்படி நெருங்கி உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள்.