பார்த்துக்கறேன் என்றவர்களும் இரண்டாம் மாடிக் கதவும்

ஒன்பதாவது சந்திப்புக்கு வந்திருந்த நூற்று நாற்பது பேரில் நூற்றுப் பன்னிரண்டு பேர் சனிக்கிழமை மாலையே வீட்டுக்குப் போனார்கள். மற்ற இருபத்தெட்டு பேரைக் கதவு விடவில்லை. பூட்டு ஒன்றும் இல்லை. கதவு திறந்தது, மாடிப்படியும் தெரிந்தது, ஆனால் வலது காலை வெளியே வைத்தால் இடது கால் உள்ளே, பெயர் பதியும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முதலில் வேடிக்கையாக இருந்தது. நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே பத்துப் பதினைந்து தடவை போய்ப் போய் வந்தார்கள். பிறகு பசி எடுக்கவே உட்கார்ந்து யோசித்தார்கள்.

சின்ன நூலகங்களில் புத்தகம் இரவல் கொடுக்கப் பயன்படும் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கான கூட்டம் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், விலை கிடையாது. இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. மேடையில் ஒருவர் குறையைச் சொல்லுவார், "இதை யார் எடுத்துக்கறீங்க?" என்று கேட்பார்கள், கீழே இருப்பவர்களில் ஒருவர் கையைத் தூக்கி "நான் பார்த்துக்கறேன்" என்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் அதை அவரும் மறப்பார், தட்டியவர்களும் மறப்பார்கள். எட்டு வருடம் எட்டு இடங்களில் இப்படி நடந்து ஒரு குறையும் வந்ததில்லை. ஒன்பதாவதற்குத்தான் இந்த இரண்டாம் மாடி அரங்கத்தைப் பிடித்தார்கள், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

விஷயம் ஞாயிறு காலையில் புரிந்தது. தேதி தப்பாக வருவதைச் சரிசெய்கிறேன் என்று நாலு வருடத்துக்கு முன் கையைத் தூக்கிய ஒரு கணக்கு வாத்தியார், வேறு வேலை இல்லாததால் உட்கார்ந்து அதைச் சரிசெய்துவிட்டு, காற்று வாங்கலாம் என்று எழுந்து போனவர், கீழே தெருவுக்கே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் மறுபேச்சு இல்லாமல் ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்தார்கள். புதன்கிழமைக்குள் இருபத்தேழு பேர் வேலையை முடித்து வெளியேறினார்கள். அரங்க மேலாளர் இதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கேன் மட்டும் கூடுதலாக இரண்டு போட்டார்.

மிஞ்சியவர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் தொழில். இந்த மென்பொருளை முதலில் எழுதியவர் அவர்தான். யார் அனுப்பிய திருத்தமானாலும் அதை உள்ளே சேர்க்கும் உரிமை அவர் ஒருவர் கையில் இருந்தது. நல்ல மனிதர், இல்லை என்ற சொல்லே வாயில் வராது. ஒன்பது வருடத்தில் பார்த்துக்கறேன் என்று அவர் ஒப்புக்கொண்டவை முந்நூற்றுப் பதினாறு. ராப்பகலாக உட்கார்ந்தாலும் இரண்டு மாதம் ஆகும் என்று அவரே கணக்குப் போட்டார்.

அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அவருக்கு வேறு ஊரில் தலைமைப் பொறுப்பு கிடைத்திருந்தது, மகளுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கியாகிவிட்டது. அந்த அம்மாள் தினமும் சாப்பாடும் துவைத்த சட்டையும் கொண்டுவந்தார். எதையும் ஒப்புக்கொள்ளாதவர் என்பதால் கதவு அவரைத் தடுக்கவில்லை. புதன்கிழமை அவர் சொன்னார்: "அடுத்த புதன் காலையில சாமான் ஏத்த லாரி வருது. நீங்க வந்தா மூணு பேரும் போறோம். வரலேன்னா நானும் பாப்பாவும் போறோம். திட்டறதுக்குக்கூட எனக்குத் தெம்பு இல்லீங்க." கண்ணாடிக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வழி சொன்னது மருந்துக்கடைப் பெண். ஐந்து வருடமாக, மருந்துக்கடையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் திருத்தங்கள் எழுதி அனுப்புபவள், அறுபத்தொன்று அனுப்பியிருந்தாள். அத்தனையையும் கண்ணாடிக்காரர் தன் பாணியில் மாற்றி எழுதித்தான் சேர்த்தார். அவள் எதையும் வாயால் ஒப்புக்கொள்ளாமல் செய்பவளாதலால் முதல் நாளே வீட்டுக்குப் போயிருந்தாள். வியாழக்கிழமை வந்து, "அண்ணே, அதுல ஒண்ணை எங்கிட்டக் குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள். உடனே கதவு அவளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் முடித்தாள், கதவு விட்டது, அவர் பட்டியலில் ஒன்று குறைந்தது. செய்தி பரவி, தப்பித்துப் போனவர்கள் எல்லோரும் வெட்கத்தோடு திரும்பி வந்தார்கள். ஆளுக்கு இரண்டு, மூன்று என்று எடுத்து, மாட்டிக்கொண்டு, முடித்து, கிளம்பினார்கள். மாடிப்படியில் ரேஷன் கடைபோல வரிசை நின்றது. செவ்வாய்க்கிழமை மாலை பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

அந்த ஒன்றை யாராலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் கூட்டம் முடியும்போது, உங்களுக்குப் பிறகு யார் என்று எவராவது கேட்பார்கள். அதுக்கு ஆளை நான் பார்த்துக்கறேன் என்று அவரும் சொல்வார். உதவிக்கு ஆளே இல்லை என்று ஒன்பது வருடம் புலம்பியவருக்கு, கொடுக்க மனம் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புதன் காலை லாரி தெருவில் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. டிரைவர் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். மனைவி மேலே ஏறி வரவில்லை. கண்ணாடிக்காரர் மருந்துக்கடைப் பெண்ணின் பெயரை எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உரிமையை அவளுக்கு மாற்றினார். தன் பெயரை எடுத்தார். பிறகு அழுதார். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

கதவு அவரை விட்டது. படியில் இறங்கும்போது, வழியனுப்ப மேலே வந்திருந்தவர்களில் ஒரு நூலகர் மருந்துக்கடைப் பெண்ணிடம், புத்தகத் தலைப்பு நீளமாக இருந்தால் பாதிதான் அச்சாகிறது, கொஞ்சம் பார்த்துத்தர முடியுமா என்று கேட்பது காதில் விழுந்தது. அவளும் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று கண்ணாடிக்காரர் படியிலேயே நின்றுவிட்டார். "எனக்கு நேரம் இல்ல சார்," என்றாள் அவள். "நீங்களே எழுதி அனுப்புங்க. படிச்சுட்டு சேர்த்துடறேன்." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் பின்னாலேயே இறங்கி வந்தாள். நூலகரும் கோபித்துக்கொள்ளவில்லை, சரி என்றார். இப்படிச் சொல்லலாம் என்று ஒன்பது வருடத்தில் கண்ணாடிக்காரருக்குத் தோன்றவே இல்லை.

சந்திப்பு இன்றைக்கும் அதே அரங்கத்தில்தான் நடக்கிறது. அழைப்பிதழின் அடியில் மாற்றுத் துணி கொண்டுவரவும் என்று போடுகிறார்கள். வாடகை ரசீதில் காலி செய்யும் நாள் என்ற இடத்தை மேலாளர் எழுதாமல் விடுகிறார். கைதட்டல் குறைந்துவிட்டது, மென்பொருள் நன்றாக ஓடுகிறது. பன்னிரண்டாவது சந்திப்புக்குக் கண்ணாடிக்காரர் புது ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மதியம் மனைவிக்குப் போன் போட்டு, "ஒண்ணே ஒண்ணுதான் ஒத்துக்கிட்டேன், ஏழு மணிக்கு வந்துடறேன்" என்றார். அந்த அம்மாள் நம்பவில்லை, ஆனாலும் மூன்று பேருக்கும் சேர்த்தே உலை வைத்தார். அவர் ஆறே முக்காலுக்கு வந்தார்.