அத்தைக்கு ஒரு தட்டு

இத்தாலியன் எட்டோரேயின் கடையில் ஸ்பாகெட்டிக்குச் சர்க்கரை போடச் சொல்வதும், கோயில் மடப்பள்ளியில் போய்க் கருவாடு கேட்பதும் ஒன்றுதான். பெர்லிட்டாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்திருந்த தித்திப்பு வாழைப்பழக் கெட்சப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, மதியம் மூன்று மணிக்குச் சைகோனின் அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். அவள் கணவன் ரோடெலுக்கு இன்று ஐம்பது முடிகிறது. பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் பிறந்தநாள் என்றால் இலையில், தட்டில், எதிலாவது நீள நூடுல்ஸ் விழுந்தாக வேண்டும். நூடுல்ஸ் நீளம் ஆயுள் நீளம். அதிலும் தித்திப்பான ஸ்பாகெட்டி, மேலே சிவப்புச் சாசேஜ் துண்டுகள் என்றால்தான் வீட்டு விசேஷம்.

அவள் வந்து மூன்று வாரம் ஆகிறது. ரோடெல் இங்கே ஒரு ஹோட்டலில் எட்டு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவான், பத்து நாள் இருப்பான், போய்விடுவான். "இன்னும் ஒரே வருஷம், வந்துடறேன்" என்று எட்டு முறை சொல்லிவிட்டான். ஒன்பதாவது முறை கேட்கத் தெம்பில்லாமல், ஊரான இலோய்லோவில் பத்தொன்பது வருடம் பார்த்த டீச்சர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, வீட்டையும் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். குழந்தை இல்லை. "நமக்குக் கொடுப்பினை இல்ல, விடு" என்று தேற்றியவனே அவன்தான். மிச்ச வாழ்க்கையாவது ஒரே கூரையின் கீழ் கழியட்டும் என்று வந்தாள். திரும்பிப் போக அங்கே ஒன்றும் இல்லை.

இந்த இத்தாலியன் கடையைப் பற்றி அவன் போனில் வருடக்கணக்காக அளந்திருந்தான். வந்த இரண்டாம் நாளே நச்சரித்துக் கூட்டிவரச் செய்தாள். அன்று ரோடெல் வியட்நாமிய மொழியில் ஏதோ சொல்லி அவளை அறிமுகப்படுத்தினான். எட்டோரே குனிந்து வணங்கி, கேட்காமலே டிரமிசு இனிப்பு கொண்டுவந்து வைத்தான். மனைவிக்குக் கிடைத்த மரியாதை என்று அவள் பூரித்துப்போனாள், பாவம்.

எட்டோரே மாவு பிசைந்துகொண்டிருந்தான். காப்பியடித்துப் பிடிபட்ட மாணவி துண்டுச்சீட்டை நீட்டுவதுபோல் அவள் பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு உதவி. கோவிச்சுக்கக் கூடாது."

எட்டோரே பாட்டிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தொந்தி குலுங்கச் சிரித்தான். ஆலிவ் எண்ணெய் டின்களுக்குப் பின்னால் கைவிட்டு, அதேபோல இன்னொரு பாட்டிலை எடுத்தான். அதில் பாதிதான் இருந்தது.

"இந்தக் கண்றாவிய என் சமையக்கட்டுல கொண்டுவந்து வெச்சதே நம்ம தம்பிதான். மூணு வருஷம் ஆச்சு. எங்கம்மா உயிரோட இருந்திருந்தா வெளக்குமாத்தாலயே என்னை அடிச்சிருப்பா."

"ரோடெலா? அவன் பொறந்தநாளுக்கா?"

"அவனுக்கு எதுக்கும்மா? எல்லாம் சின்னவளுக்கு. சாசேஜ வெட்டி, கண்ணு, மூக்கு, வாயின்னு முகம் மாதிரி அடுக்கணும். இல்லேன்னா லான் தட்டைத் தொடமாட்டா."

"எந்த லான்?"

"நல்லா இருக்கே! அத்தைக்கே மருமக பேரு தெரியாதா? ஆகஸ்ட்லதான் ஆறு வயசு முடிஞ்சுது. தம்பி அக்காகிட்ட எதையும் சொல்றதே இல்லயா?"

அக்கா. அப்படியானால் அந்த வணக்கமும் டிரமிசுவும் அக்காவுக்கு. மேசையில் ஊன்றிய அவள் கையெல்லாம் மாவு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவன் புளுகு ஏழு வருடம் ஓடியிருக்கிறது. கொடுப்பினை இல்லாதது நம் இருவருக்கும் அல்ல, எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பத்தொன்பது வருடம் வகுப்பில் நின்றவளுக்கு முகத்தை இறுக்கிக்கொள்ளத் தெரியும்.

"வயசாகுதுல்ல, மறந்துடுச்சு. அதே மாதிரி முகம் வெச்சே பண்ணுங்க. ஆறு மணிக்கு வர்றோம்."

"சின்னவளுக்கும் ஒரு பொட்டலம் கட்டி வெக்கறேன்."

"கட்டுங்க."

ஆறு மணிக்கு ரோடெல் கறுப்புக் கோட்டோடு வந்தான். எட்டு மணிக்கு ஹோட்டலில் வாசிப்பு. சுவரோர மேசையில் உட்கார்ந்து, ஐம்பதாவது வயதைப் பற்றித் தானே ஒரு ஜோக் அடித்துத் தானே சிரித்தான். தட்டு வந்தது. சிவப்புக் கண் இரண்டு, மூக்கு, வளைந்த வாய். சிரிப்பு பாதியிலேயே செத்துப்போனது.

"சாப்பிடு, ரோடெல்."

"பெர்லி... யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? பொய்யா?"

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். நேரம் வரட்டும்னு..."

"ஏழு வருஷமாவா உனக்கு நேரம் வரல?"

"உன்னை இங்க யாரும் தப்பாப் பேசிடக் கூடாதுன்னுதான்..."

"அதுக்கு அக்காவாக்கிட்டியா? தங்கச்சின்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே. உன்னைவிட மூணு வயசு சின்னவடா நான்."

அவள் அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கத்தியை எடுத்து, அந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு, சுற்றியிருந்த ஸ்பாகெட்டியைக் குறுக்கே வெட்டினாள். பிறகு நெடுக்கே வெட்டினாள். பிறந்தநாள் நூடுல்ஸை வெட்டுவது என்றால் என்ன அர்த்தம் என்று ரோடெலுக்குத் தெரியும்.

"ஐயய்யோ, என் கடையில ஸ்பாகெட்டிய வெட்டறதா!" என்று எட்டோரே தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தான். "ரோமுக்குத் தெரிஞ்சா என்னை உள்ளயே விடமாட்டாங்க!"

"தம்பிக்குத் தொண்டையில எறங்கல. அதான் வெட்டிக் குடுக்கறேன்" என்றாள் பெர்லிட்டா.

எட்டோரே சிரித்துக்கொண்டே போனான். அவள் தன் தட்டிலிருந்ததை ஒரு நூல்கூட அறுக்காமல் சுருட்டிச் சுருட்டித் தின்று தீர்த்தாள். தித்திப்பு திகட்டியது.

கிளம்பும்போது எட்டோரே வாசல்வரை வந்து பொட்டலத்தை நீட்டினான். "சின்னவளுக்கு. நேராப் பிடி, முகம் கலைஞ்சுடும்."

ரோடெலின் கை தானாக நீண்டது. பழகிய கை, தயங்கவே இல்லை. வாங்கி, அடியில் உள்ளங்கையைக் கொடுத்து நேராகப் பிடித்துக்கொண்டது. 'எல்லாம் முடிஞ்சுபோன கதை' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று அதுவரை காத்துக்கொண்டிருந்த அவள் மனசு அப்போதுதான் விட்டுப்போனது.

சந்து முனையில் இடப்பக்கம் போனால் அவர்கள் அறை. ரோடெல் பொட்டலத்தோடு நின்றான்.

"எதுக்கு நிக்கற? சூடு போயிடும். கொண்டுபோய்க் குடு. அத்தை குடுத்தான்னு சொல்லு."

வேண்டாம் என்பான் என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் வலப்பக்கம் திரும்பி நடந்தான். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மூன்று வாரத்தில் ஒருநாளும் அவள் கேட்டதில்லை.