புங்க எண்ணெய் போட்ட ரப்பர்

தோலுக்கு எண்ணெய் போடுவதில் கன்னியப்பனை மிஞ்ச பேரணாம்பட்டில் ஆளில்லை என்று தோல் கிடங்கு முதலாளியே சொல்வார். அந்தப் பெருமைதான் அவன் பெண்டாட்டி எல்லம்மாவுக்கு வினையாக வந்தது.

கடைசிப் பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போய் அவள் பிழைத்ததே பெரும்பாடு. இன்னொன்று உண்டானால் உயிருக்கு உறுதியில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருந்தகத்து நர்ஸ் ரெபேக்கா, அந்தக் காலத்தில் ஆண்கள் கழுவிக் கழுவித் திரும்பப் போட்டுக்கொள்ளும் தடித்த ரப்பர் உறை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி வைக்க வேண்டும். எல்லம்மா வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அத்தனையையும் புருஷனிடம் ஒப்பித்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அதைக் கழுவ எடுத்தபோது கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. லேசாக இழுத்ததும் கிழிந்தது.

“இன்னாய்யா பண்ண இத?”

“காஞ்ச மாதிரி இருந்திச்சி. கொஞ்சம் புங்க எண்ணெ தடவி வச்சேன்.”

“பவுடர்னுதானே சொன்னேன்!”

“பவுடர் போட்டா வெடிச்சிடும்டி. இத்தினி வருசமா தோல்லயே கெடக்கறேன், எனக்குத் தெரியாதா?”

எல்லம்மாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மாதம் நாள் தள்ளிப்போனது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்து நிம்மதியாகக் களி தின்கிறவனைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒருவழியாகத் தூரமானபோது கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைக் கையோடு மருந்தகத்துக்கு இழுத்துப் போனாள்.

“ரப்பரும் தோலும் ஒண்ணா? எண்ணெ பட்டா ரப்பர் இத்துப்போயிடும்ப்பா” என்றாள் ரெபேக்கா.

“புங்க எண்ணெதானே ஆகாது? நல்லெண்ணெ?”

“எந்த எண்ணெயும் ஆகாது.”

“நெய்யி?”

“யோவ், வெளிய போய் உக்காரு!” என்று கத்தினாள் எல்லம்மா. அவன் போனதும் ரெபேக்காவிடம் திரும்பினாள். “எங்கைலயே இருக்கற மாதிரி எதுனா குடும்மா. இந்த ஆள நம்பி உசுர வச்சிக்கினு இருக்க முடியாது.”

ரெபேக்கா அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் அளவு பார்த்து, கருப்பை வாயை மூடும் ரப்பர் குல்லா ஒன்றைக் கொடுத்தாள். மருந்துக் கூழ் தடவி உள்ளே பொருத்த வேண்டும். விடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் பலனில்லை. முதல் முயற்சியிலேயே அது எல்லம்மாவின் விரலிலிருந்து துள்ளிப் பெஞ்சுக்கடியில் ஓடியது. கழுவிக் கொடுத்ததும் மறுபடி நழுவியது. ரெபேக்கா சிரித்துவிட்டாள், எல்லம்மா சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தானே பொருத்தி, தானே தொட்டுப் பார்த்து, கை பழகிய பிறகுதான் எழுந்தாள்.

அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. கடைக்குட்டி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், பக்கத்து வீட்டு ஜஹீதா குல்லா விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அது இன்னாக்கா, எனக்கும் ஒரு நாளைக்குக் குடேன்” என்று கேட்டாள்.

“சிரிக்காம கேளு. என்னுது உனக்கு ஆவாது. அளவு பாத்து வாங்கணும்” என்று சலித்துக்கொண்ட எல்லம்மா, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “கெளம்பு, நர்சம்மாகிட்ட போலாம்.”