சாரத்து எலிக்குப் பிரெஞ்சு தெரியாது

சாரத்தில், எங்கள் தெருவில் எலி இல்லாத வீடு கிடையாது. ஆனால் எலியால் மானம் போன வீடு ஒன்றே ஒன்றுதான், சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்து உட்கார்ந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சொல்தா முசியே எதுவார். அவர் சம்சாரம் மதாம் ஜொசியான். ஐயா, அம்மா என்றால் பிடிக்காது, முசியே, மதாம் என்றுதான் கூப்பிட வேண்டும். உதட்டுச்சாயம் பூசாமல் பால்காரனுக்குக்கூடக் கதவைத் திறக்காத பெண்மணி.

போன தடவை அவர்கள் மகன் ஃபிலிப், கல்யாணமான கையோடு பாரிசிலிருந்து வந்திருந்தான். பெண்ணின் பெயர் க்ளெமான்ஸ். காரைக்கால் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கே. வந்த மறுநாள் காலை பல் தேய்க்கப் போனவள் வீறிட்டது என் அடுப்படி வரைக்கும் கேட்டது. சோப்பை எலி கொறித்திருந்தது. கொறித்துவிட்டுப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தும் இருந்ததாம். மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் பெட்டியோடு பீச் ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். போனதைத் தெருவே பார்த்தது. பார்க்காதவர்களுக்கு நான் சொன்னேன்.

அதிலிருந்து மதாமுக்கு ஒரே வைராக்கியம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரும் மகன் தன் வீட்டு மாடியில்தான் படுக்க வேண்டும். மாதா கோயிலுக்குப் போனால் மற்ற சொல்தா வீட்டுப் பெண்கள் "பிள்ளை எங்க தங்குறான்?" என்று கேட்கிறார்களாம். கேட்கிற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. மாடி அறைக்குப் பெயின்ட் அடித்தாள், ஏசி வைத்தாள், புது மெத்தை வாங்கிப் போட்டாள். மகனோடு பேசும்போது போனை ஸ்பீக்கரில் போடுவது அவள் வழக்கம், மதில் ஓரம் துணி காயப்போடுவது என் வழக்கம். "ஒரு எலி இல்லடா, வந்து பாரு" என்பாள். "பார்க்கலாம்மா" என்பான் அவன். இத்தனை மாதத்தில் அவன் வேறு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் பொறி வைத்தார்கள். கருவாட்டைச் சுட்டு மாட்டினால் போதும், விடிவதற்குள் ஒன்று மாட்டியிருக்கும். முசியே எதுவார் அந்தக் கூண்டைத் துணி போட்டு மூடி ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிட்டு வருவார். எல்லாரும் செய்வதுதான். நாங்கள் பிடித்ததை ரெட்டியார்பாளையம் பக்கம் விடுவோம், அவர்கள் பிடித்ததை இங்கே கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் முசியே சோம்பேறி. தெருக்கோடி காலி மனையிலேயே கூண்டைத் திறந்துவிட்டு, அங்கேயே ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, வெகுதூரம் போய் வந்தவர் மாதிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வருவார். இது எப்படியோ மதாம் காதுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன்.

"பட்டாளத்துல என்னதான் பண்ணின? காய் நறுக்கினியா?" என்று புருஷனைத் தெருவில் வைத்தே கேட்டாள். அன்றிலிருந்து கூண்டு மதாம் பொறுப்பில் வந்தது.

அவள் முறை வேறு. பின்கட்டில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. கூண்டோடு உள்ளே இறக்கி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, மதில் பக்கம் வந்து என்னோடு பேச ஆரம்பித்துவிடுவாள். கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் கத்தோ என்பார்கள்; அந்தக் கத்தோவுக்குத் திராட்சையை ரம்மில் எப்படி ஊறவைப்பது, பாட்டில் மூடியை எத்தனை இறுக்கமாக மூடுவது, எல்லாம் அப்படி நின்றபடி எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பின்னால் தண்ணீர் தளும்பும். நகம் கம்பியில் உரசும். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். சத்தம் அடங்கியதும், "முந்திரியை மட்டும் கடைசியில போடு, நிர்மலா" என்று முடித்துவிட்டு உள்ளே போவாள். நான் ஏன் அங்கே நின்றேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பக்குவத்தை வேறு யாரும் சும்மா சொல்லித்தரமாட்டார்கள்.

கொஞ்ச நாளில் பொறியில் ஒன்றும் விழவில்லை. கருவாட்டை மட்டும் நக்கிவிட்டுப் போயிருக்கும். மதாம் என்னிடம் வந்து புலம்பினாள். நான் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். பொறி வைப்பதையும் மருந்து வைப்பதையும் நாங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதுகளுக்குக் காது கேட்கும். "இன்னிக்கு வைக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்தால் ஒன்றுகூட வராது. மனசுக்குள் நினைத்து, வாயைப் பொத்திக்கொண்டு வைக்க வேண்டும்.

மதாம் சிரித்தாள். இந்துக்களுடைய மூடநம்பிக்கை என்று அவள் முகமே சொல்லிற்று. ஆனால் அன்று சாயங்காலமே முசியே எதுவாரிடம் அவள் பிரெஞ்சில் பேசத் தொடங்கிவிட்டாள். சண்டை போட, கணக்குக் கேட்க, எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் தமிழ்தான். பிரெஞ்சு என்பது கான்சுலேட்டுக்கும் கோயிலில் பெரிய பூசைக்கும் மட்டும் எடுத்து உடுத்துகிற உடை மாதிரி. இப்போது எலிக்காக உடுத்தினார்கள். என்ன மதாம் இது என்று கேட்டேன்.

"சாரத்து எலிக்குப் பிரெஞ்சு தெரியாது" என்றாள், ரொம்பத் தீவிரமாக.

எனக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைப்பு. நான் படித்த கான்வென்டில் பிரெஞ்சு உண்டு. பேச வராது, ஒட்டுக்கேட்க வரும். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

பொறிக்குப் பதில் இப்போது பசை அட்டை. புத்தகம் மாதிரி விரித்து வைத்தால் எலி அதன்மேல் ஓடும்போது கால் ஒட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க வயிறும் ஒட்டும், அப்புறம் முகமும் ஒட்டும். உடனே சாகாது, அதுதான் அதில் உள்ள விசேஷம். காலையில் மதாம் அட்டையை மடித்து, மேலே மிதித்து, பையில் போடுவாள். சில நாள் மிதிக்க மறந்துவிடுவாள். குப்பைக்காரப் பெண் கத்துவாள். எங்கே எத்தனை அட்டை என்பதெல்லாம் பிரெஞ்சில். பீரோ அடியில், ஃபிரிட்ஜ் பின்னால், மாடிப்படி வளைவில். நம்ப மாட்டீர்கள், நன்றாகவே விழுந்தன. மதாமுக்குத் தன் பாஷையின்மேல் புது மரியாதை வந்துவிட்டது.

அந்த வீட்டில் பிரெஞ்சு தெரியாதது எலி மட்டுமில்லை. வேலைக்கு வரும் செல்வாம்பாளுக்கும் தெரியாது. தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். ஒரு காலையில் பீரோ அடியில் துடைப்பம் எட்டவில்லை என்று கையை விட்டாள். பசையில் ஏற்கெனவே ஒன்று கிடந்திருக்கிறது, உயிரோடு. கை ஒட்டிக்கொண்டது, அது அவள் விரலைக் கடித்துக்கொண்டது. அவள் ஒரு பக்கம் இழுக்க, எலி ஒரு பக்கம் இழுக்க, நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மதாம் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. முசியேதான் நல்லெண்ணெய் கொண்டுவந்து ஊற்றிக் கையை விடுவித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் செல்வாம்பாள்.

"உங்கிட்ட தமிழ்ல சொன்னா அதுக்கும் கேட்டுடுமே" என்றாள் மதாம்.

செல்வாம்பாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு அப்படியே ஊருக்குப் போனவள்தான், திரும்பவில்லை. வீணாய்ப்போன அட்டையைப் பற்றி மதாம் இரண்டு நாள் பேசினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர்கள் வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். பாசம் இல்லை. மகன் அவள் வீட்டில் தங்குவதைத் தெருவுக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்கு என்னைவிடத் தோதான ஆள் யார். டாக்ஸி வந்தபோது மதாம் அடுப்பில் ரகு என்கிற கறிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். பெட்டியெல்லாம் மாடிக்கு ஏற்றச் சொல்லு என்று அங்கிருந்தே புருஷனுக்குக் குரல் கொடுத்தாள். தேங்காய்த்திட்டுக்குப் போய் அவளே பார்த்து வாங்கிவந்த இறால், ரகு, நீள ரொட்டி, சலாது என்று மேசை நிறைந்திருந்தது.

க்ளெமான்ஸ் நல்ல பெண். தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது, ஆனாலும் விடாமல் பேசினாள். மதாமுக்குப் பெருமை தாங்கவில்லை. மேசையில் எல்லாரும் தமிழில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டாள். "பாரு நிர்மலா, எப்படிப் பேசுறா பாரு" என்று மருமகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பினாள். எலிப் பேச்சே எடுக்கவில்லை. க்ளெமான்ஸே எடுத்தாள். போன தடவை அப்படி ஓடிப்போனது தப்பு, இந்தத் தடவை பயப்படமாட்டேன், ஃபிலிப்பிடமும் அதைத்தான் சொன்னேன் என்று, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னாள். ஃபிலிப் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். மதாம் எழுந்து போய் மருமகளின் தலையில் முத்தம் கொடுத்தாள். பிறகு, இந்த வீட்டில் எலி என்று ஒன்று இருந்ததே மறந்துபோச்சு என்றாள்.

அப்போதுதான் மாடியில் கீச்சென்றது.

சின்னச் சத்தம். பிறகு கொஞ்சம் நீளமாக இன்னொன்று. மதாம் முதலில் பார்த்தது என்னைத்தான். நான் கேட்டுவிட்டேனா என்று என் முகத்தைத் துழாவினாள். நான் இறால் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நிம்மதி. முகத்தில் சிரிப்பு மாறாமல், உப்பை நகர்த்து என்று சொல்கிற குரலில், புருஷனிடம் பிரெஞ்சில் சொன்னாள். நேற்று மாட்டின அந்தப் பெரியது, பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் இருப்பது, இன்னும் சாகவில்லை; மிதிக்க நேரமில்லாமல் விட்டுவிட்டேன், தானாக அடங்கிவிடும் என்று பார்த்தேன்; இவர்கள் மேலே போவதற்குள் நீ போய் முடித்துவிட்டு வா; பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் ஊரே சிரிக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி தலை நிமிரவில்லை. முசியே எதுவார் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மாதமாகப் பிரெஞ்சு அந்த வீட்டில் எலிக்கும் வேலைக்காரிக்கும் எனக்கும் தெரியாத பாஷையாக இருந்து பழகிவிட்டது. மருமகளுக்கு அதைத் தவிர வேறு பாஷை சரியாகத் தெரியாது என்பது மதாமுக்கு நினைவு வரவில்லை.

க்ளெமான்ஸ் கரண்டியை வைத்தாள். தமிழில்தான் கேட்டாள், சட்டத்தை மீறாமல்.

"அது இன்னும் உயிரோட இருக்கா?"

மதாமின் உதட்டுச்சாயத்துக்குக் கீழே நிறம் போனது அப்போதுதான். க்ளெமான்ஸ் மாடிக்கு ஏறிப் போனாள். கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்தபோது கையால் வாயைப் பொத்தியிருந்தாள். நேற்றிலிருந்தா, அப்படியே விட்டுவிட்டா புதுப் படுக்கை விரிப்பு போட்டீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். மதாம் தமிழில் பதில் சொன்னாள், அது எலிம்மா, வெறும் எலி என்று.

ஃபிலிப் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கிளம்புகிறோம் என்றான். மதாம் அவனுக்கு முன்னால் ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மாடிப்படியில் மூன்றாம் படியில் ஏறி நின்று, இரண்டு கைகளாலும் சுவரையும் கைப்பிடியையும் பிடித்து வழியை அடைத்துக்கொண்டாள்.

"போ, எப்படிப் போறன்னு பாக்குறேன். பெட்டியை எடுக்க நான் விட்டாத்தானே போவ? மெத்தை புதுசுடா. நீ கீழ எங்க ரூம்ல படு, நாங்க மேல படுத்துக்கிறோம். ஒரு நாள் படு. நாளைக்குக் கோயிலுக்கு இங்கேருந்து போ, அப்புறம் எங்க வேணா போ."

ஃபிலிப் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் ஷூ லேசைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"பெட்டி மேல இல்லம்மா. டாக்ஸியிலயே இருக்கு."

முசியே எதுவார் தட்டில் இல்லாத எதையோ கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். க்ளெமான்ஸ் புருஷனை வெறித்துப் பார்த்த பார்வையில் அவளுக்கும் இது புதுச் செய்தி என்று எனக்குப் புரிந்தது. வாசலில் எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் வேப்பமரத்து நிழலில் டாக்ஸி நின்றிருந்தது. டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சாப்பாடு முடிகிறவரைக்கும் இருக்கச் சொல்லிவைத்த ஆள் அப்படித்தான் தூங்குவான்.

மதாம் படியில் நின்றபடியே இருந்தாள். யாரும் மேலே போக முயலவில்லை, ஆனாலும் கைகளை எடுக்கவில்லை. கேட் சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் இறக்கினாள்.

நான் பாத்திரங்களை எடுத்துவைப்பதாகச் சொல்லி அங்கேயே இருந்தேன். அவள் மாடிக்குப் போய் அட்டையைக் கொண்டுவந்தாள். பெரியதுதான். ஒரு பக்கம் முழுக்க ஒட்டிப்போய், ஒரு கண்ணும் நாலைந்து மீசை மயிரும் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அதைத் தெருப்பக்க மதில்மேல் வெயிலில் வைத்தாள். காக்கைகள் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன. போகிறவர் வருகிறவர் நின்றார்கள். நின்றவர்களிடம் எல்லாம் அவளே சொன்னாள்.

"எல்லாத்தையும் முடிச்சிட்டேன், இது ஒண்ணுதான் மிச்சம். இந்த ஒண்ணாலதான் எம்பிள்ள போயிட்டான்."

அவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் பக்கம் திரும்பினாள். நானும் ஆமாம் என்றேன். டாக்ஸி சமாசாரத்தை எல்லாருக்கும் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் காக்கை மதில்மேல் இறங்கிக் கண் பக்கம் எட்டி நடந்தது. மதாம் அதை விரட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அப்போது முசியே எதுவார் உள்ளேயிருந்து வந்தார். அட்டையை எடுத்துத் தரையில் போட்டு, மடித்து, குதிகாலால் ஒரே மிதி. அசைவு நின்றது.

மதாம் அவரைப் பிடித்துத் தள்ளினாள். அவர் மதிலில் கை ஊன்றிச் சமாளித்து நின்றார்.

"உன்னை யார் கேட்டா?" என்றாள். "சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும்னுதான வச்சேன்."