கெசியா டெய்லர், ______ வீதி

1

இந்தக் கதை என் போனிலிருந்து வந்தது. சுற்றி வளைப்பானேன், தப்பு செய்தவள் நான்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "மேட்டுப்பாளையத்தில் கணவனிடம் அடிபட்டு, கோவைக்குத் தப்பி வந்த கெசியா ______ வீதியில் தையல் கடை போட்டாள்." வீதியின் பெயரை அடித்துவிட்டேன். [மேட்டுப்பாளையமும் மாற்றி எழுதியதுதான். கெசியாவும்.]

2

நம் ஊரில் யாரையும் போனில் வெறும் பெயரில் பதிவதில்லை. பிளம்பர் கதிர் சிங்காநல்லூர், பால் ராமாத்தாள். ரவிக்கை தைக்கக் கொடுத்த அன்றே கெசியாவையும் 'கெசியா டெய்லர்' என்று வீதியோடு பதிந்தேன். அதே வாரம், அழைப்பது யாரென்று காட்டும் செயலி ஒன்றை இறக்கினேன். உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா என்று கேட்டது. படிக்காமலே சரி என்று தட்டினேன். நான் பதிந்த பெயர்களையெல்லாம் அது தன் பொதுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கிரெடிட் கார்டு விற்பவர்கள் தொல்லை எனக்கு, அவ்வளவுதான்.

கெசியா ஒரே ஒருமுறை தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மாவின் போனில் அந்த எண் கணவன் கண்ணில் பட்டது. அவன் போனிலும் அதே செயலி. எண்ணைப் போட்டதும் நான் வைத்த பெயர் வந்தது, வீதியோடு.

3

அவன் கடைக்குள் வந்தபோது இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது. அதை எடுத்து அவளுடைய வலது

[இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன்.]

ஆஸ்பத்திரியில் கேட்டாள்: "ஏனுங்க்கா, எம்பட நம்பரு ஆறு பேருக்குத்தானுங்க தெரியும். கடை இருக்கற வீதி அவருக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

"நாந்தான் கண்ணு," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தாள். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க, உடுங்க்கா. அதை மட்டும் எடுத்துப்போடுங்க."

திட்டியிருக்கலாம். அந்த 'ங்க'வை என்னால் தாங்க முடியவில்லை.

4

நினைத்து வைத்திருந்த முடிவு: விண்ணப்பம் போடுகிறேன், பெயர் நீங்குகிறது, கெசியா

பொய். என் போனில் அழித்தேன். செயலியிலிருந்து நீக்க அவள் எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டுமாம். அந்த சிம்மை அன்றே கணவன் பிடுங்கிப் போய்விட்டான். இன்றைக்கும் எண்ணைத் தட்டினால் நான் வைத்த பெயர்தான் வருகிறது.

போன வாரம் புது எண்ணிலிருந்து கூப்பிட்டாள். இப்போது இருக்கும் ஊரைச் சொன்னாள். "சேவ் பண்ணிப்போடாதீங்க்கா."

எண்ணை மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தக் கை திரும்பத் தைக்கிறதா, யார் துணைக்கு இருக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் கதையின் முடிவு அந்த ஊரில் இருக்கிறது.

ஆனால் இதைப் படிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. சொல்லமாட்டேன்.